நூறு எம்.பி. என்றால் எந்த எம்.பி.?

கடைக்கு பிராட்பேண்ட் லைன் வாங்கிய மளிகை வியாபாரிகள் பலர் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. “நூறு எம்.பி. லைன் என்று சொல்லித்தான் மாதாமாதம் பணம் வாங்குகிறார்கள். என் கணக்கு பைல் நூறு எம்.பி. இருக்கிறது. அப்படியானால் ஒரே விநாடியில் இறங்கிவிட வேண்டும் அல்லவா? எட்டு, ஒன்பது, பத்து விநாடி ஆகிறதே! எடையில் அடிக்கிறார்களா?”

எடையில் அடிக்கவில்லை. வாயால் சொல்லும்போது இரண்டும் எம்.பி.தான். ஆனால் ஒன்று படி, மற்றொன்று மரக்கால். எட்டு படி ஒரு மரக்கால் என்பது நம் தாத்தா காலத்து வாய்பாடு. படிக் கணக்கில் விலை பேசிவிட்டு மரக்கால் கணக்கில் நெல்லை எதிர்பார்த்தால் எட்டில் ஒரு பங்குதான் வந்து சேரும். இங்கே நடப்பதும் அதுவே.

கம்ப்யூட்டர் உலகின் படிக்கு ‘பிட்’ என்று பெயர், மரக்காலுக்கு ‘பைட்’ என்று பெயர். எட்டு பிட் ஒரு பைட். லைன் விற்பவர் மெகாபிட் கணக்கில் விற்கிறார். நம் பைல் மெகாபைட் கணக்கில் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும்போது பிட்டுக்குச் சின்ன ‘பி’, பைட்டுக்குப் பெரிய ‘பி’ போட்டு வேறுபடுத்துகிறார்கள். தமிழில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து என்ற பேதம் கிடையாது. ஆகவே தமிழில் இரண்டுமே எம்.பி. ஆகிவிடுகின்றன. விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதைச் சுருக்கி எழுதினால் எம்.பி.பி.எஸ். என்று டாக்டர் படிப்பே வந்து நிற்கிறது! எனவே இக்கட்டுரையில் சுருக்கம் எதுவும் வேண்டாம், மெகாபிட், மெகாபைட் என்று முழுப் பெயரையே எழுதுவோம். நம் வணிகர்களும் லைன்காரரிடம் பேசும்போது முழுப் பெயரையே கேட்டு வாங்குவது நல்லது.

பிட் என்றால் என்ன?

ஆரணிப் பக்கத்து வியாபாரிகளுக்கு இதை விளக்குவது எளிது. பட்டுத்தறியின் மேல் ஜக்கார்டு பெட்டியும் அதில் தொங்கும் ஓட்டை போட்ட அட்டைகளும் எல்லோரும் பார்த்தவைதான். அட்டையில் ஓர் இடத்தில் ஓட்டை இருந்தால் அதற்குரிய கொக்கி மேலே எழும், ஓட்டை இல்லாவிட்டால் எழாது. ‘உண்டு’ அல்லது ‘இல்லை’ என்ற இந்த ஒரு விஷயம்தான் ஒரு பிட். 240 கொக்கிப் பெட்டியில் ஓர் அட்டை 240 பிட், அதாவது 30 பைட். ஓர் ஊடை இழைக்கு ஓர் அட்டை வீதம், நெசவாளர் நிமிடத்துக்கு 40 இழை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொண்டால், அந்தத் தறி விநாடிக்கு 160 பிட், அதாவது 20 பைட் வேகத்தில் விவரத்தைப் படித்துக்கொண்டிருக்கிறது. பிரான்சு நாட்டு லியோன் நகரில் 1800-களின் தொடக்கத்தில் ஜக்கார்டு என்பவர் செய்த சாதனம் அது. கம்ப்யூட்டருக்கு ஓட்டை அட்டையில் விவரம் கொடுக்கும் வழக்கம் பிற்பாடு வந்ததே. அந்த வகையில் பார்த்தால் ஆரணியில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே பிட் வந்துவிட்டது.

ஓர் ஆங்கில எழுத்துக்கு அல்லது ஓர் இலக்கத்துக்கு ஒரு பைட் இடம் போதும். தமிழுக்கு இப்போது வழக்கில் உள்ள யூனிகோட் முறையில், இணையத்தில் பெரும்பாலும் மூன்று மூன்று பைட்டாகச் செலவாகிறது. ‘ஆரணி’ என்று தமிழில் எழுதினால் 12 பைட், ஆங்கிலத்தில் எழுதினால் 5 பைட். இதைக் கேட்டுவிட்டுத் தமிழில் பில் போட்டால் கம்ப்யூட்டர் மெதுவாகிவிடும் என்று யாரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு நாள் பில் முழுவதையும் தமிழில் போட்டாலும் அது ஒரு போட்டோவின் அளவுக்கு வராது.

எட்டால் வகுத்து, சாக்கு எடையைக் கழிக்கவும்

இனிக் கணக்குக்கு வருவோம். விநாடிக்கு 100 மெகாபிட் லைன் என்றால் எட்டால் வகுக்க, விநாடிக்கு 12.5 மெகாபைட். நூறு மெகாபைட் பைல் இறங்க எட்டு விநாடி. ஆனால் நடைமுறையில் இன்னும் ஓரிரு விநாடி கூடுகிறதே, அது ஏன்?

அரிசி மண்டியில் மூட்டையைத் தராசில் வைத்தால் மொத்த எடை வரும். சாக்கின் எடையைக் கழித்தால்தான் நிகர எடை. லைனில் போகும் விவரத்துக்கும் சாக்கு உண்டு. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, வழியில் ஏதும் சிந்தியதா என்று சரிபார்க்கும் குறிப்புகள் ஒவ்வொரு பொட்டலத்தோடும் போகின்றன. அவையும் அந்த 100 மெகாபிட்டுக்குள்தான் அடக்கம்.

இந்தச் சாக்குக் கழிவு பழைய நாளில் இன்னும் அதிகம். 1995 ஆகஸ்டு 15-ல் வி.எஸ்.என்.எல். நிறுவனம் நம் நாட்டுப் பொதுமக்களுக்கு இன்டர்நெட் இணைப்பைத் தொடங்கியபோது டெலிபோன் கம்பியில் மோடம் வைத்து விநாடிக்கு 9,600 பிட் என்ற வேகத்தில் பேசினார்கள். மோடத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையிலான கம்பியில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னால் ஒரு தொடக்க பிட்டும் பின்னால் ஒரு முடிவு பிட்டும் சேர்ந்து, எட்டுக்குப் பதில் பத்து பிட் ஓடும். ஆகவே 9,600-ஐப் பத்தால் வகுத்து, விநாடிக்கு 960 பைட் என்று கணக்கு வைத்தார்கள். அந்த நாளில் கம்ப்யூட்டர் பழகியவர்கள் இன்றும் எந்த வேகத்தையும் பத்தால்தான் வகுப்பார்கள். அது தவறு என்று இளைஞர்கள் சொல்வார்கள். கணக்குப்படி தவறுதான். ஆனால் கடைக்கு அதுவே நல்ல வழக்கம் என்பது என் கருத்து. பத்தால் வகுத்தால் சாக்கும் கழிந்துவிடும், மனக்கணக்காகவும் போட்டுவிடலாம். 100 மெகாபிட் என்றால் விநாடிக்கு 10 மெகாபைட், 40 மெகாபிட் என்றால் 4 மெகாபைட் என்று எதிர்பாருங்கள். அதற்கு மேல் வந்தால் லாபம்.

வேகத்தைச் சோதித்துப் பார்க்கும் இணையத் தளங்கள் மெகாபிட்டில் காட்டும். பைலை இறக்கும்போது கம்ப்யூட்டர் பெரும்பாலும் மெகாபைட்டில் காட்டும். ஒன்றில் 96 என்றும் மற்றொன்றில் 11 என்றும் இருந்தால் சண்டை போட வேண்டாம், இரண்டும் சரியே.

நம் நாட்டில் எதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்பதற்கு அரசே ஒரு கீழ்வரம்பு வைத்திருக்கிறது. 2004-ம் ஆண்டுக் கொள்கையில் அது விநாடிக்கு 256 கிலோபிட், அதாவது 32 கிலோபைட். 2013-ல் 512 கிலோபிட் ஆனது. 2023 ஜனவரியில் 2 மெகாபிட் ஆனது. இந்த 2 மெகாபிட்கூட விநாடிக்குக் கால் மெகாபைட்தான் என்பதை இப்போது நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

லைன் வாங்கும்போது இன்னொன்றும் கேட்க வேண்டும். சில திட்டங்களில் இறங்கும் வேகம் ஒன்று, ஏறும் வேகம் வேறு. விளம்பரத்தில் பெரிதாகப் போடுவது இறங்கும் வேகம். சினிமா பார்ப்பவருக்கு அது போதும். கணக்கைத் தினமும் வெளியூர் சர்வருக்கு ஏற்றி வைக்கும் வியாபாரிக்கு வேண்டியது ஏறும் வேகம்.

ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போடுவதற்காகவே பெரிய லைன் வாங்க வேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வீண் செலவு. சிறு வியாபாரியின் ஒரு மாத விற்பனை விவர பைல் 500 கிலோபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 4,000 கிலோபிட். ஏறும் வேகம் 10 மெகாபிட் உள்ள லைனில் அரை விநாடிகூட ஆகாது. கெடு நாளன்று இரவில் எல்லோரும் ஒரே நேரத்தில் வரிசையில் நிற்பதால் வரும் தாமதத்துக்கு உங்கள் வீட்டு வாசலை அகலப்படுத்திப் பயன் இல்லை. நான்கு நாள் முன்னதாகப் போடுவதற்குப் பணம் ஒன்றும் செலவில்லை.

கேமராவுக்கு எத்தனை நாள்?

பிட்டும் பைட்டும் குழம்பினால் நிஜமாகவே நஷ்டம் வரும் இடம் கண்காணிப்புக் கேமரா. கடையில் நான்கு கேமரா. ஒவ்வொன்றும் விநாடிக்கு 2 மெகாபிட் வீதம் படத்தை அனுப்புகிறது. பதிவுப் பெட்டியில் ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க். “ஒரு மாதம் தாங்கும்” என்று சொல்லிவிட்டுப் பொருத்தியவர் போய்விடுகிறார். தாங்குமா?

நான்கு கேமராவும் சேர்ந்து விநாடிக்கு 8 மெகாபிட். எட்டால் வகுக்க 1 மெகாபைட். ஒரு நாளைக்கு 86,400 விநாடி. ஆக, ஒரு நாளைக்கு 86,400 மெகாபைட், அதாவது 86.4 ஜிகாபைட். ஒரு டெராபைட் என்பது ஆயிரம் ஜிகாபைட். ஆயிரத்தை 86.4-ஆல் வகுத்தால் பதினொன்றரை நாள்! பன்னிரண்டாம் நாள் முதல் நாளின் படம் அழிந்து அதன்மேல் புதிய படம் பதிவாகிவிடும். மாதக் கடைசியில் சரக்கு இருப்பு எடுக்கும்போது எண்ணெய் டின் குறைகிறது என்று தெரிந்து, மூன்றாம் தேதிப் படத்தைத் தேடினால் இருக்காது.

முப்பது நாள் வேண்டுமென்றால் 2,592 ஜிகாபைட் வேண்டும், ஆக மூன்று டெராபைட்டாவது தேவை. இல்லையென்றால் பெட்டியின் செட்டிங்கில் போய், ஆள் நடமாட்டம் இருக்கும்போது மட்டும் பதிவு செய்யும்படியோ, எச்.265 என்ற புதிய சுருக்க முறையில் பதிவு செய்யும்படியோ மாற்றலாம். எச்.264 என்ற பழைய முறையோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி இடம் மிச்சமாகும். கேமராவின் வேகம் எத்தனை மெகாபிட் என்பதும் அதே செட்டிங்கில்தான் இருக்கும். பொருத்த வருபவரிடம் கேட்டு அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கல்லாவில் ஒட்டி வையுங்கள்.

சின்ன மெகா, பெரிய மெகா

படியும் மரக்காலும் தெரிந்துவிட்டது. ஆனால் நம் ஊர்ப் படியிலேயே சின்னப்படி, பட்டணம் படி என்று இருந்தது போல, மெகாவிலும் சின்னது, பெரியது என இரண்டு உண்டு.

மெட்ரிக் முறையில் கிலோ என்றால் ஆயிரம். மளிகைக் கடையில் ஒரு கிலோவுக்கு ஆயிரம் கிராம் என்பதில் சந்தேகமே இல்லை. கம்ப்யூட்டரோ இரண்டு இரண்டாகப் பெருக்கிப் பழகியது. ஒன்றைப் பத்து முறை இரட்டித்தால் 1,024 வரும். ஆயிரத்துக்குக் கிட்டத்தில் இருக்கிறதே என்று அதையும் கிலோ என்றே அழைத்துவிட்டார்கள். இரட்டிப்பது நமக்குப் புதிதல்ல. இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி, எட்டு படி ஒரு மரக்கால், இரண்டு மரக்கால் ஒரு பதக்கு, இரண்டு பதக்கு ஒரு தூணி என்று நம் முகத்தல் அளவையும் இரட்டிப்பில்தான் ஓடியது. நம் முன்னோர் அதற்குத் தனித்தனிப் பெயர் வைத்தார்கள். கம்ப்யூட்டர்காரர்கள் இன்னொரு அளவையின் பெயரைக் கடன் வாங்கியதுதான் குழப்பத்துக்குக் காரணம்.

கிலோவில் வித்தியாசம் நூற்றுக்கு இரண்டே கால், இரண்டரைதான். மேலே போகப் போக அது வட்டிக்கு வட்டி போல ஏறுகிறது. மெகாவில் நூற்றுக்கு ஏறக்குறைய 5, ஜிகாவில் 7-க்கு மேல், டெராவில் ஏறக்குறைய 10. ஹார்ட் டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் கணக்கில் எண்ணி ‘1 டெராபைட்’ என்று பெட்டியின் மேல் அச்சடிக்கிறார்கள். விண்டோஸ் 1,024 கணக்கில் எண்ணி ‘931 ஜி.பி.’ என்று காட்டுகிறது. பழைய 40 ஜிகாபைட் டிஸ்க் 37.25 என்று தெரியும். டிஸ்க் குறைவாக இல்லை, எண்ணும் படிதான் வேறு.

இதை அமெரிக்க வாடிக்கையாளர்கள் சும்மா விடவில்லை. ஹார்ட் டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டார்கள். 2007-ல் நிறுவனம் சமரசத்துக்கு வந்து, வாங்கியவர்களுக்கு விலையில் நூற்றுக்கு ஐந்து திருப்பித் தரவோ, அதற்குப் பதில் காப்பு நகல் எடுக்கும் சாப்ட்வேர் தரவோ ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, 1998-ல், சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1,024 கணக்குக்கு கிபி, மெபி, ஜிபி என்று தனிப் பெயர்களே வைத்துவிட்டது. ‘ஜிபி’ என்ற இந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் ஜி.பி. என்ற சுருக்கம் போலவே ஆகிவிடுவது நமக்கு இன்னொரு தலைவலி! கடைத்தெருவில் யாரும் அந்தப் பெயர்களைச் சொல்வதில்லை.

லைன் வேகத்தில் கிலோ எப்போதும் ஆயிரம்தான். குழப்பம் சேமிப்புப் பொருளில்தான், அதிலும் பழையதில் கூடுதல். பிளாப்பியை எடுத்துக்கொள்வோம். மூன்றரை அங்குல பிளாப்பியில் ‘1.44 எம்.பி.’ என்று போட்டிருக்கும். ஒரு பக்கத்துக்கு 80 வட்டம், இரண்டு பக்கம், வட்டத்துக்கு 18 பிரிவு, பிரிவுக்கு 512 பைட். பெருக்கினால் 14,74,560 பைட். இதைப் பத்து லட்சத்தால் வகுத்தால் 1.47, 1,024-ஆல் இருமுறை வகுத்தால் 1.41. எங்கே அந்த 1.44? ஒருமுறை 1,024-ஆலும் மறுமுறை ஆயிரத்தாலும் வகுத்தால்தான் 1.44 வருகிறது. சின்னப்படி பாதி, பட்டணம் படி பாதி அளந்து போட்ட கதை.

அதன் வேகமும் விசித்திரமே. விநாடிக்கு 500 கிலோபிட் என்பது ஏட்டுக் கணக்கு, எட்டால் வகுத்தால் 62,500 பைட். ஆனால் பிளாப்பி விநாடிக்கு ஐந்து சுற்றுத்தான் சுற்றும். சுற்றுக்கு 18 பிரிவு வீதம் கையில் கிடைப்பது 46,080 பைட். மீதி எல்லாம் பிரிவுக்குப் பிரிவு விடும் இடைவெளியும் குறிப்பும், அதாவது சாக்கு. ஒரு பிளாப்பி முழுவதையும் படிக்க ஆகக் குறைந்தது 32 விநாடி.

சி.டி.யில் ‘52 எக்ஸ்’ என்று எழுதியிருக்கும். ஓர் எக்ஸ் என்பது பாட்டு சி.டி. ஓடும் வேகம். விநாடிக்கு 75 பிரிவு, கணக்கு சி.டி.யில் பிரிவுக்கு 2,048 பைட், ஆக 1,53,600 பைட். இதை 1,024 கணக்கில் 150 கிலோபைட் என்பார்கள். டி.வி.டி.யில் ஓர் எக்ஸ் அதைப் போல ஒன்பது மடங்கு, விநாடிக்கு சுமார் 13,85,000 பைட். பார்வைக்கு இரண்டும் ஒரே தட்டு. ‘700 எம்.பி.’ என்ற சி.டி. பெரிய மெகா கணக்கு, ‘4.7 ஜி.பி.’ என்ற டி.வி.டி. சின்ன ஜிகா கணக்கு. 4.6 ஜி.பி. என்று கம்ப்யூட்டர் காட்டும் பைலை டி.வி.டி.யில் எழுதப்போனால் இடம் போதாது என்று வருவது இதனால்தான். விண்டோஸ் கணக்கில் டி.வி.டி.யின் கொள்ளளவு 4.38 மட்டுமே.

பழைய கணக்குக்கு ஏன் இத்தனை கவலை?

ஆரணிக்கும் போளூருக்கும் இடையில் வடமாதிமங்கலம் பக்கத்தில் உள்ள திருமலைக்குப் போனவர்கள் அங்குள்ள பாறைக் கல்வெட்டைப் பார்த்திருப்பார்கள். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தது. கங்கை வரை அவன் வென்ற நாடுகளைச் சொல்லும் மெய்க்கீர்த்திக்காகச் சரித்திர ஆசிரியர்கள் அதைப் போற்றுகிறார்கள். ஆனால் அந்தக் கல்வெட்டு பதிவு செய்ய வந்த விஷயம் ஒரு வியாபாரி வீட்டுக் கணக்கு. நன்னப்பையன் என்ற வியாபாரியின் மனைவி சாமுண்டப்பை, மலையில் உள்ள குந்தவை ஜினாலயத்துக்கு நந்தா விளக்குக்கும் திருவமுதுக்கும் காசு கொடுத்த பற்றுதான் அது. ஏறக்குறைய ஆயிரம் ஆண்டாக அந்தப் பற்று அழியவில்லை. நம் கடையில் 1998-ல் பிளாப்பியில் எழுதி வைத்த பேரேடு இன்று திறக்குமா?

கல்லில் வெட்ட வேண்டியதில்லை. ஆனால் சட்டம் கேட்கும் காலம் வரையாவது இருக்க வேண்டும். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவுப்படி, ஓர் ஆண்டின் கணக்குகளை அந்த ஆண்டுக்குரிய ஆண்டு அறிக்கையின் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2023-24 கணக்குக்கு ஆண்டு அறிக்கைக் கெடு 2024 டிசம்பர் 31. ஆகவே 2030 டிசம்பர் 31 வரை அந்தக் கணக்கு கையில் இருக்க வேண்டும். அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முடிந்து ஓராண்டு வரை, அல்லது முன்சொன்ன காலம் வரை, இரண்டில் எது பிந்தியதோ அதுவரை. விதி 57 இன்னும் ஒரு படி மேலே போகிறது. கம்ப்யூட்டரில் கணக்கு வைப்பவர்கள் காப்பு நகலும் வைத்திருக்க வேண்டும், விபத்திலோ இயற்கைச் சேதத்திலோ கணக்கு அழிந்தால் நியாயமான காலத்துக்குள் மீட்கக்கூடியதாக அது இருக்க வேண்டும் என்கிறது. 2007 முதல் 2017 வரையிலான வாட் கணக்கில் வழக்கு நிலுவை உள்ளவர்களுக்கு அந்தக் காலத்து சி.டி.யும் பழைய கம்ப்யூட்டரும்தான் சாட்சி. பரணில் ஈரம் பட்டுப் பூஞ்சை பிடித்த பிளாப்பியைக் கொண்டுபோய் யாரிடம் காட்டுவது?

ஆகவே நகல் எடுத்தே தீரவேண்டும். எத்தனை நேரம் ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போட்டுக்கொண்டால் வியாபார நேரம் கெடாது. எப்போதும் வழியில் உள்ள மிகக் குறுகிய வாசலின் வேகத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். லாரி எவ்வளவு பெரிதானாலும் கிட்டங்கி வாசலில் ஒரு மூட்டைதான் நுழையும் என்றால் அதுதான் வேகம்.

ஐம்பது பிளாப்பி இருக்கிறது என்றால் மொத்தமே 74 மெகாபைட்தான். ஆனால் மாற்றிப் போடும் நேரத்தையும் சேர்த்து ஒன்றுக்கு இரண்டு நிமிடம் வைத்தால் ஒரு மணி நாற்பது நிமிடம். யு.எஸ்.பி. துளையில் செருகும் பிளாப்பி டிரைவ் இன்னும் கிடைக்கிறது. ஆளாளுக்கு ஒன்று வாங்காமல் சங்கத்துக்கு ஒன்று வாங்கினால் போதும். பிளாப்பி பேசினால் பேசும், இல்லையென்றால் இல்லை. திரும்பத் திரும்பப் போட்டுத் தேய்க்காமல் நன்றாகப் படிப்பதை முதலில் முடித்துவிட வேண்டும்.

பழைய 40 ஜிகாபைட் ஹார்ட் டிஸ்க் நிறைய கணக்கு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது இருக்கும் பழைய கம்ப்யூட்டரின் யு.எஸ்.பி. துளை முதல் தலைமுறையாக இருந்தால் விநாடிக்கு 12 மெகாபிட். எட்டால் வகுத்தால் 1.5 மெகாபைட், சாக்குப் போக ஒரு மெகாபைட் கிடைத்தால் பெரிது. நாற்பதாயிரம் விநாடி, அதாவது பதினொரு மணி நேரம். அதே டிஸ்க்கைக் கழற்றி, அதற்குரிய இணைப்புக் கருவியை வைத்து யு.எஸ்.பி. 2.0 துளையில் கொடுத்தால் ஏட்டில் 480 மெகாபிட், கைக்கு 30 மெகாபைட். இருபத்திரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். டிஸ்க் ஒன்றுதான், விவரமும் ஒன்றுதான், மாற்றியது வாசலை மட்டுமே.

இங்கே ஒரு எச்சரிக்கை. அந்தப் பழைய டிஸ்க்கின் பட்டை வயரைக் காட்டி ‘இது 100’ என்று மெக்கானிக் சொன்னால் அது விநாடிக்கு 100 மெகாபைட். நெட்வொர்க் வயரில் ‘100’ என்றால் 100 மெகாபிட். எண் ஒன்று, அளவு எட்டு மடங்கு வேறு. பின்னர் வந்த சாட்டா டிஸ்க்கில் 1.5 ஜிகாபிட், 3 ஜிகாபிட், 6 ஜிகாபிட் என்று பிட்டில் சொல்கிறார்கள். அதில் பத்து பிட் ஓடினால் எட்டு பிட்தான் சரக்கு, ஆகவே அங்கே பத்தால் வகுப்பதே சரியான கணக்கு: 150, 300, 600 மெகாபைட்.

அந்த 40 ஜிகாபைட்டையும் இணையம் வழியே வெளியூர் சர்வருக்கு ஏற்றலாமே என்றால், ஏறும் வேகம் 10 மெகாபிட் உள்ள லைனில் 32,000 விநாடி, ஏறக்குறைய ஒன்பது மணி நேரம். இரவு கடை சாத்தும்போது தொடங்கினால் காலையில் திறப்பதற்குள் முடியும், இடையில் கரண்ட் போகாமல் இருந்தால். அதன் பிறகு தினமும் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும், அதற்குச் சில நிமிடம்தான்.

சில்லறை பைல்கள் ஆயிரக்கணக்கில் இருந்தால் மேலே சொன்ன கணக்கெல்லாம் இரண்டு மூன்று மடங்கு ஆகிவிடும். நூறு கிலோ மிளகாயை ஒரே மூட்டையாக ஏற்றுவதும் நூறு கிராம் பொட்டலமாக ஆயிரம் ஏற்றுவதும் ஒன்றா? ஆகவே ஓர் ஆண்டுக் கணக்கைச் சுருக்கி ஒரே பைலாகக் கட்டி, பிறகு நகல் எடுக்க வேண்டும். 2000-க்கு முந்தைய கணக்கில் சரக்குப் பெயரைத் தமிழில் அடித்திருந்தால், அந்த நாளைய எழுத்துருவையும் கூடவே நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அது யூனிகோட் வருமுன் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக வைத்த எழுத்து. அந்த எழுத்துரு இல்லாமல் திறந்தால் துவரம்பருப்பு எல்லாம் கேள்விக்குறியும் கிறுக்கலுமாகத் தெரியும்.

நகல் முடிந்ததும் பழைய பைலின் அளவும் புதிய பைலின் அளவும் பைட் கணக்கில் ஒன்றா என்று பாருங்கள், எம்.பி. கணக்கில் அல்ல. பிறகு புதிய இடத்திலிருந்தே கணக்கைத் திறந்து, அந்த ஆண்டு மார்ச் 31 இருப்புக் குறிப்பை ஒரு தாளில் அச்செடுத்து, ஆடிட்டர் கையெழுத்திட்ட பழைய தாளோடு வரிக்கு வரி வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போன பிறகே பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடைக்காரரிடம் கொடுக்கலாம்.